மழலையும் மண்ணும்: மரியா மாண்டிசோரி அம்மையார்

1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், இத்தாலியின் கிழக்குக் கரையில் அங்கோனாத் துறைமுகத்திற்கு அண்மையிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் ஒரு பெண் மகவு பிறந்தது. அம்மகவு பிறந்த இருபதாம் நாள், செப்டம்பர் 20இல், இத்தாலியப் படை ரோமாபுரியின் மதிலைப் பீரங்கியால் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தது. நெடுங்காலம் சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்த தீபகற்பம் ஒரே நாடாயிற்று; அடுத்த ஆண்டு ரோம் அந்நாட்டின் தலைநகராயிற்று. ஆகவே அக்குழந்தையும் அந்நாடும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் கண் விழித்தன எனலாம். மழலைகளின் உள்ளத்தில் நாடு என்பது எவ்வாறு இடம் பெறுகிறது, அதை ஊட்டுவது எப்போது, ஊட்டத்தான் வேண்டுமா என்னும் வினாக்கள் அக்குழந்தையை வாழ்நாள் முழுதும் விடாமல் தொடர்ந்தன. அவ்வினாக்களின் பொருட்டு அவர் வீடிழந்தார், பள்ளிகளை இழந்தார், ஒரு காலத்தில் நம் சென்னை மாநகரில் பகைநாட்டுக் குடியாகவும் கருதப்பட்டார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

பத்தாண்டு நிறைவு மலரில் ஒரு கவிஞரைப் பற்றி எழுதாமல், மருத்துவம் படித்து ஆசிரியையான ஓர் அயல்நாட்டு அம்மையாரைப் பற்றி எழுதுவானேன் என்று நம் வட்டத்து அன்பர்கள் வினவக்கூடும். நம்மில் பலர் குழந்தைப் பாடல் எழுதுகிறோம். விடுதலை நாளும் குடியரசு நாளும் நெருங்கினால் மழலையர் பள்ளிகளிலிருந்து பாட்டுக் கேட்டு வருகிறார்கள். நாமும் எழுதித் தருகிறோம். அப்படி நான் எழுதித் தந்த ஒரு பாட்டைக் கேட்க ஓர் ஆகஸ்டு 15ஆம் நாள் அழைத்திருந்தார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். கையில் காகிதக் கொடி. ஒரு பிள்ளை கொடிக்குச்சியைச் சப்பிக்கொண்டிருந்தது. இன்னொன்று தன் கால்விரலின் மேல் ஏறிச் சென்ற எறும்பைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றது. ஆசிரியை ஓடிவந்து அதன் முகத்தை நிமிர்த்திக் கொடிமரத்தின் பக்கம் திருப்பினார். என் பாட்டில் பாரதம் நான்கு முறை வந்தது. எறும்பு ஒரு முறையும் வரவில்லை. அன்றிரவுதான் அம்மையாரின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

அம்மையாரின் தந்தை அலெசாந்திரோ இளமையில் படைவீரராக இருந்து, பின்னர் நிதித்துறையில் பணி ஏற்று, அரசின் புகையிலைத் தொழிற்சாலையில் அலுவல் பார்த்தவர். தாய் ரெனில்தே ஸ்தொப்பானி அக்காலப் பெண்டிரிடையே அரிதாகக் காணப்பட்ட படிப்பார்வம் உடையவர். தந்தையின் பணி மாற்றத்தால் குடும்பம் 1873இல் புளோரன்சுக்கும், 1875இல் ரோமுக்கும் பெயர்ந்தது. புதிய நாட்டில் புதிய அலுவலகங்கள், புதிய பள்ளிகள். ஒன்றுதான் குறை. நாடு ஒன்றாகிவிட்டது, மக்கள் ஒன்றாகவில்லை. சிசிலியில் ஒரு மொழி, வெனிசில் ஒரு மொழி, பீட்மாண்டில் ஒரு மொழி. இன்று இத்தாலிய மொழி என நாம் வழங்கும் மொழியை அன்று வீட்டில் பேசியோர் மிகச் சிலரே. நாட்டை அமைத்தாயிற்று, இனி நாட்டாரை அமைக்க வேண்டும் என்ற எண்ணம் ஆள்வோரிடம் வலுத்தது. அந்தப் பணியைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் தோளில் ஏற்றினார்கள். 1886இல் எத்மோந்தோ தே அமீச்சிஸ் எழுதிய ‘குவோரே’, அதாவது ‘இதயம்’ என்னும் நூல், அப்பணிக்கென்றே பிறந்தது போன்றது. ஒரு பள்ளி மாணவனின் நாட்குறிப்பாக அமைந்த அதில், நாட்டுக்காக உயிரையும் உறுப்பையும் ஈந்த சிறுவர்களின் கதைகள் இடையிடையே வரும். படித்தால் கண்ணீர் வரும். அதற்காகவே எழுதப்பட்டவை அவை. மரியா வளர்ந்த இத்தாலி இத்தகையது.

பெண்கள் ஆசிரியப் பயிற்சியோடு நின்ற காலத்தில் அவர் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் பயின்று, 1896ஆம் ஆண்டு ஜூலையில் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் அவரே என்று பலரும் எழுதுவர். அது சரியன்று, முதல் சிலருள் ஒருவர் என்பதே பொருந்தும். அவ்வாண்டே பெர்லினில் கூடிய பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் பேராளராகச் சென்று, உழைக்கும் பெண்களுக்குச் சம ஊதியம் வேண்டுமெனப் பேசினார். நாடு தன்னைத் தன் மகள் என்று கொண்டாடிய நாட்கள் அவை.

1898இல் அவருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தை, உடன் பணியாற்றிய மருத்துவர் ஜூசெப்பே மொந்தெசானோ. திருமணம் நிகழவில்லை. மணமாகாத தாய் என்று வெளிப்பட்டால் மருத்துவப் பணியும் பொதுவாழ்வும் அன்றோடு முடியும். குழந்தை மரியோ நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர்க்க விடப்பட்டான். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வீடு அமைத்தவர் தன் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்க இயலாது போயிற்று. ஏறத்தாழப் பதினைந்து வயதில்தான் அவன் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன் பிறகும் நெடுங்காலம் உறவினன் என்றும், வளர்ப்பு மகன் என்றுமே ஊருக்குச் சொல்லப்பட்டான். அம்மையாரின் பணியைப் புகழ்வோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். நான் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. பின்னால் அடையாற்றில் நடந்த ஒன்றை விளங்கிக்கொள்ள இது வேண்டும்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ரோமின் சான் லொரென்சோப் பகுதியில், மார்சித் தெருவின் 58ஆம் எண் கட்டடத்தில், குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. தொழிலாளரும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தோரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டிலும் முற்றத்திலும் திரிந்த பிள்ளைகள் புதிதாகப் பழுதுபார்த்த சுவர்களைக் கெடுத்துவிடுவார்கள் என்றஞ்சிய கட்டட நிறுவனத்தார், அவர்களை ஓர் அறையில் அடக்கி வைக்க ஆள் தேடினர், அம்மையார் வந்தார். இரண்டரை, மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். இதார், செகுவான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென வகுத்த கருவிகளை அம்மையார் திருத்தி அமைத்து அங்கே வைத்தார். உருளைகள், வண்ணப் பலகைகள், உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள். பிள்ளை அவ்வெழுத்தின் மேல் விரலை ஓட்டும், ஒலியைச் சொல்லும். சில திங்களில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் எவரும் எழுதச் சொல்லாமலே எழுதத் தொடங்கினர். செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியது.

இந்த உப்புத்தாள் எழுத்தைப் பற்றிப் படிக்கும்போது நம் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வராமல் இராது. மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்த மரபு நம்முடையது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்மணல் எழுத்தைக் கண்டு வியந்து, இங்கிலாந்துக்கும் எடுத்துச் சென்றார். அம்மையார் நம்மிடமிருந்து கற்றார் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குச் சான்று இல்லை. விரலுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை இரண்டு நிலங்கள் தனித்தனியே கண்டுகொண்டன என்பதே செய்தி.

சான் லொரென்சோவின் அறையில் பிள்ளைகளிடம் நாட்டைப் பற்றிப் பேசவேயில்லையா? நேரடியாகப் பேசுவதை அவர் தொடக்கமாகக் கொள்ளவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கையில் படாததைச் சொல்லிக் கொடுப்பதை அவர் ஐயத்தோடு நோக்கினார். வியத்தகு கற்பனைக் கதைகளைக்கூட அவ்வயதில் வேண்டாமென்றார். இவ்விடத்தில் கவிஞர்களாகிய நமக்கு அவரோடு பிணக்கு உண்டு. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் தாயை எந்த அறிவியலும் தடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் அவர் சொன்னதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். பிள்ளைக்கு நிலா கண்ணில் தெரிகிறது, நாடு தெரிவதில்லை. தெருமுனை வரை நடந்தாலே உலகம் முடிந்துவிடும் வயதில், ஆயிரம் கல் தொலைவிலுள்ள எல்லையை எப்படிக் காட்டுவது? காட்ட இயலாததைக் கொடியாலும் முழக்கத்தாலும் காட்டினால், பிள்ளை கொள்வது நாட்டையன்று, முழக்கத்தை மட்டுமே.

1909இல் அவர் தம் முறையை நூலாக வெளியிட்டார். அமெரிக்காவிலும் புகழ் பரவியது. முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் பார்சிலோனாவில் தங்கினார். அங்கே நடந்தது நம் கவனத்துக்கு உரியது. ஸ்பெயினின் ஒரு பகுதியாகிய கத்தலோனியா தன் மொழியையும் தன் மரபையும் மீட்டெடுக்கும் எழுச்சியில் இருந்த காலம் அது. கத்தலோனிய ஆட்சிமன்றம் அம்மையாரின் பணிக்குப் பொருளும் இடமும் தந்தது. பிள்ளைகள் வீட்டில் பேசிய கத்தலான் மொழி பள்ளிக்குள்ளும் ஒலித்தது. ஆனால் 1920ஆம் ஆண்டளவில், கத்தலோனிய விடுதலைக்கு ஆதரவாக அவர் பொதுவில் பேச வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அவர் மறுத்தார். ஆட்சிமன்றம் ஆதரவை விலக்கிக்கொண்டது. 1924இல், கத்தலான் மொழியையே ஒடுக்க முனைந்த பிரீமோ தெ ரிவேராவின் படையாட்சி, அங்கிருந்த மாதிரிப் பள்ளியையும் மூடியது. மொழிக்காகப் போராடியவரும் கைவிட்டனர். மொழியை ஒடுக்கியவரும் மூடினர். மொழிப்பற்றில் ஊறிய நாம் இம்மறுப்பை எப்படி மதிப்பிடுவது? அந்நிலத்துச் சோற்றை உண்டு அந்நிலத்துக்காக ஒரு சொல் சொல்லாதவர் என்று சினங்கொள்ள இடமுண்டு. முதன்முறை படித்தபோது எனக்கும் அச்சினம் வந்தது. அடுத்த பத்தாண்டில் இத்தாலியில் அவர் செய்ததை நோக்கும்போது, இம்மறுப்பே மேலானதாகத் தோன்றுகிறது.

1922இல் முசோலினி ஆட்சிக்கு வந்தார். 1924இல் அவரும் அம்மையாரும் சந்தித்தனர். அவ்வாண்டே மாண்டிசோரி முறையைப் பரப்ப அரசின் ஆதரவுடன் தேசிய அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் முசோலினியே அதற்குத் தலைமை தாங்கினார். ஒழுங்காக அமர்ந்து, அமைதியாக வேலை செய்து, ஐந்து வயதில் எழுதும் பிள்ளைகளைக் கண்ட சர்வாதிகாரி, தனக்கு வேண்டிய குடிமக்கள் இவர்களே என்று எண்ணியிருக்க வேண்டும். உள்ளிருந்து வந்த ஒழுங்குக்கும் வெளியிலிருந்து ஏவிய ஒழுங்குக்கும் உள்ள வேற்றுமை அவருக்குப் புலப்படவில்லை. அம்மையாரோ, எந்த ஆட்சி வந்தாலும் தமக்குப் பிள்ளைகளே முதன்மை, கட்சிகள் வரும் போகும் என்று எண்ணினார். இருவரும் ஒருவரை ஒருவர் பிழையாகப் புரிந்துகொண்டே பத்தாண்டுகள் ஓடின.

இங்கே அம்மையாரை முற்றாக விடுவிக்க என் மனம் ஒப்பவில்லை. 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் பாசிச ஆட்சிக்கு உறுதிமொழி கூற வேண்டுமென ஆணை வந்தபோது, ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்டோரில் 12 பேர் மட்டுமே மறுத்துப் பதவி இழந்தனர் என்பது வரலாறு. மறுக்க முடியும் என்பதற்கு அந்தப் பன்னிருவர் சான்று. ஊர் முழுதும் அடக்குமுறை நிலவ, ஆதரவைப் பெற்றுக்கொண்டு பள்ளி நடத்தியது பெருமைக்குரியதன்று. எனினும், அரசின் கை பிள்ளைகளையே நேராகத் தொட வந்தபோது அவர் உடன்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1926இல் தொடங்கிய பலில்லா அமைப்பு எட்டு வயதுச் சிறுவர்களுக்குக் கருஞ்சட்டை அணிவித்து, சிறு துப்பாக்கி தந்து அணிவகுக்கச் செய்தது. பின்னர் எட்டு வயதும் அதிகம் என்று எண்ணி, ஆறு வயதுப் பிள்ளைகளை ‘ஓநாயின் மைந்தர்’ என்னும் பெயரில் சேர்த்தனர். ரோமை நிறுவிய இரட்டையருக்கு ஓநாய் பாலூட்டிய பழங்கதையிலிருந்து எடுத்த பெயர் அது. 1930 முதல் தொடக்கப்பள்ளிகளில் அரசின் ஒரே பாடநூல் புகுந்தது. அதில் எழுத்துப் பயிற்சியோடு தலைவர் வழிபாடும் கலந்திருந்தது. ‘இதயம்’ நூலின் கண்ணீர் இங்கே கட்டளையாக உறைந்துவிட்டது.

அம்மையார் 1932இல் ஜெனீவாவில் கல்வியும் அமைதியும் பற்றிப் பேசினார். 1933இல் தம் பெயரில் இயங்கிய தேசிய அமைப்பிலிருந்து மரியோவுடன் விலகினார். 1934இல் இத்தாலியை விட்டு வெளியேறினார். சில ஆண்டுகளுக்குள் இத்தாலியில் அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டன. இட்லரின் ஜெர்மனியிலும் அவ்வாறே. பார்சிலோனாவுக்குத் திரும்பியவரை 1936இல் உள்நாட்டுப் போர் துரத்தியது. அறுபத்தாறு வயதில், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து வழியாக நெதர்லாந்து சென்று சேர்ந்தார்.

அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மரியோவுடன் விமானத்தில் அவர் சென்னை வந்திறங்கினார். வயது அறுபத்தொன்பது. சில திங்கள் தங்கும் எண்ணம். தங்கியதோ ஏறத்தாழ ஏழாண்டு. ஆல்காட் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வந்து கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். அதைக் கேட்டவர்கள் தத்தம் மொழியில் பிள்ளைகளிடம் கொண்டு செல்ல வேண்டும். எத்தனை மொழிகளைத் தாண்டி அச்சொற்கள் ஒரு மழலையின் காதை அடைந்திருக்கும் என எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

1940 ஜூன் 10ஆம் நாள் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர் அன்றே பகைநாட்டார் ஆயினர். எந்த அரசிடமிருந்து ஓடிவந்தாரோ அந்த அரசின் குடியென்று அம்மையாரை அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறாதவாறு கட்டுப்படுத்தினர். மரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டு சென்றனர். பிறந்த நாடு அவரை வேண்டாதவர் என்றது. அடைக்கலம் தந்த ஆட்சி அந்நாட்டின் பெயராலேயே அவரைச் சிறைவைத்தது. இரண்டு திங்கள் கழித்து, ஆகஸ்டு 31இல், அவருடைய எழுபதாம் பிறந்த நாளன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக அதில் அறிவித்திருந்தார்கள். மகன் என்றே தந்தி கூறியது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஊருக்கு மறைத்த உறவை, பகைநாட்டாரைக் காவலில் வைத்த ஓர் அரசு தன் தாளில் எழுதியனுப்பியது. அந்தத் தந்தியை அம்மையார் கையில் வாங்கிய கணத்தை ஒரு கவிஞர் எழுத வேண்டும்.

கட்டுப்பாடு தளர்ந்தபின் அவர் கொடைக்கானலில் தங்கினார். 1942 முதல் ஏறத்தாழ இரண்டாண்டு அங்கே நடந்த சிறு பள்ளியில், இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன அம்மையார் உடனிருந்து பணியாற்றினார். பல வயதுப் பிள்ளைகள். மலைச்சரிவில் செடியும் பூச்சியும் கல்லும் தேடி அலைவதே பாடம். போர் உலகை நாடு நாடாகப் பிளந்துகொண்டிருந்தபோது, பகைநாட்டுக்காரி ஒருத்தி பழனிமலைத் தொடரின் மேல் அமர்ந்து, வளரும் பிள்ளைகளுக்கு முதலில் அண்டத்தைக் காட்டி, அதிலிருந்து பூமியையும், பூமியிலிருந்து உயிரினங்களையும், உயிர்களிலிருந்து மனிதரையும், அதன் பின்னரே மனிதர் வகுத்துக்கொண்ட நாடுகளையும் காட்டும் கல்வியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அண்டக் கல்வி என அதற்குப் பெயர்.

அவர் வழியில் வந்த பள்ளிகளில் மழலையர் வகுப்பிலேயே ஓர் உலகுருண்டை இருக்கும். நிலப்பகுதி உப்புத்தாளால் சொரசொரவென்றும், நீர்ப்பகுதி வழுவழுப்பாகவும் இருக்கும்; கோடு ஒன்றும் இராது. பிள்ளை கண்ணை மூடித் தடவி நிலம், நீர் என்று சொல்லும். அடுத்த உருண்டையில் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு வண்ணம். அதற்கடுத்து மரத்துண்டுகளாலான படம். ஒவ்வொரு நாட்டையும் குமிழைப் பிடித்துத் தூக்கி எடுத்து மீண்டும் அதன் இடத்தில் பொருத்தலாம். தன் நாட்டுத் துண்டைப் பொருத்த வேண்டுமானால் பக்கத்து நாட்டுத் துண்டும் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். கொடிகளும் உண்டு, எல்லா நாட்டுக் கொடிகளும், தன்னுடையதும் அவற்றோடு சேர்த்தே.

அப்படியானால் நாட்டுணர்வை அவர் புறக்கணித்தாரா? நேர்மாறு. 1949இல் அடையாற்றில் வெளியான அவருடைய பெருநூல் ‘ஈர்க்கும் மனம்’ என நாம் பெயர்க்கத்தக்கது. அதன் அடிப்படை இதுதான்: பிறந்தது முதல் ஆறாண்டுகளில், சிறப்பாக முதல் மூன்றாண்டுகளில், குழந்தை தன்னைச் சூழ்ந்துள்ளதைக் கற்பதில்லை, ஈர்த்துத் தானாகவே ஆக்கிக்கொள்கிறது. தாய்மொழி அவ்வாறே வருகிறது. இலக்கணம் சொல்லித் தந்தவர் எவருமிலர். ஊரின் உணவும் வணக்கமும் வெட்கமும் பாட்டும் அவ்வாறே வருகின்றன. ஒரு மக்கள் கூட்டத்தின் இயல்பைத் தலைமுறைக்குத் தலைமுறை காத்து வருவது அரசுமன்று, பள்ளியுமன்று; பேசத் தெரியாத குழந்தையே அக்காப்பாளர். நம் ழகரத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டிலும் தெருவிலும் அது ஒலித்தால் பிள்ளையின் நாவில் தானே அமர்ந்துகொள்ளும். ஒலிக்காவிட்டால், பத்து வயதில் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் அது அரும்பாடு. நாட்டுணர்வை ஆண்டுவிழாவில் ஊட்ட முனைவோர், அன்றாடம் வீட்டில் நிகழ்வதைக் கவனிப்பதில்லை என்பதே அம்மையாரின் குறை. மழலையர் ஆசிரியைக்கு அவர் வைத்த வேலை, நாட்டைப் பற்றிப் பேசுவதன்று. அறையில் என்ன இருக்கிறது, என்ன ஒலிக்கிறது, எப்படி ஒருவரையொருவர் நடத்துகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது.

இவ்வாறு எழுதிவருகையில் பாரதியாரின் பாப்பாப் பாட்டு நினைவில் எழுகிறது. அதன் வரிசையை யாரேனும் கவனித்திருக்கிறோமா? முதலில் விளையாட்டு. பிறகு குருவி, கோழி, காக்கை, பசு, நாய் எனப் பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் உயிர்கள். அப்புறம் அன்றாட ஒழுங்கு. தமிழும் நாடும் வருவது அதற்கெல்லாம் பின்னர்தான். சாதியில்லை என்னும் செய்தி இறுதியை ஒட்டி வருகிறது. அம்மையாரைப் பாரதியார் படித்திருப்பார் என்று கொள்ளத் தேவையில்லை. பிள்ளை முகம் பார்த்து எழுதியவருக்கு வரிசை தானே அமைந்தது. நம் பாட்டுகளில் நாம் அவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். எனது பாட்டும் அத்தகையதே.

1946இல் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். அடுத்த ஆண்டு அவரைத் துரத்திய இத்தாலியே வரவேற்று, பள்ளிகளை மீண்டும் திறக்க வேண்டிற்று. சென்றார், ஆனால் அங்கே தங்கிவிடவில்லை. மீண்டும் இந்தியா வந்தார். பாகிஸ்தான் சென்று பயிற்சி நடத்தினார். ஒரு நாடாக அவர் கண்ட நிலம் இரண்டாகப் பிரிந்த பின், இரு பக்கத்திலும் ஆசிரியர்களைப் பயிற்றியவர் அவர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1990இல் இத்தாலி தன் ஆயிரம் லிரா தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. 2002இல் யூரோ வந்ததும் அத்தாள் வழக்கொழிந்தது.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் கடலோர ஊராகிய நோர்ட்விக்கில், ஆப்பிரிக்கப் பயணம் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாளில், எண்பத்தோராம் வயதில் அவர் காலமானார். எங்கே இறக்கிறேனோ அங்கேயே புதையுங்கள் என்பது அவர் விருப்பம். அவ்வாறே நோர்ட்விக்கின் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்தனர். ரோமில் வெரானோ இடுகாட்டில் அவர் பெற்றோரின் கல்லறை உள்ளது. அங்கே அவர் பெயருக்கும் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். தம் அன்பிற்குரிய நாட்டை விட்டுத் தொலைவில், தம் விருப்பப்படியே அவர் உறங்குகிறார் என்னும் கருத்தை அது கூறுகிறது. அந்த இடுகாட்டை ஒட்டியிருப்பதே சான் லொரென்சோ. மார்சித் தெருவின் 58ஆம் எண் வீடு அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவுதான்.